கொகேஷி வாங்கப் போகிறீர்களா? முதலில் கழுத்தைப் பாருங்கள்

ஜப்பானிய மரப் பொம்மையான கொகேஷிக்குக் கையும் கிடையாது, காலும் கிடையாது. உருண்டைத் தலை, உருளை உடம்பு, அவ்வளவுதான். அதனால் புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் முகத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் கழுத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். தலையும் உடம்பும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பது, பொம்மை எந்த ஊர்க் கடைசல் என்பதற்கு நல்ல துப்பு.

வடகிழக்கு ஜப்பானின் தோஹொகு பகுதியில் கிண்ணம், தட்டு கடைந்து பிழைத்தவர்கள், வெந்நீர் ஊற்றுகளுக்குக் குளிக்க வந்தவர்களிடம் விற்கக் கடைந்த பொம்மை இது. எடோ காலத்தின் (1603–1868) பிற்பகுதியில் தொடங்கியது. ஊருக்கு ஊர் வேறு வேறு பெயரால் அழைத்தார்கள். கொகேஷி என்ற பெயரே பொதுப்பெயர் என்று 1940-இல் நருகோ என்ற ஊரில் கூடித்தான் முடிவு செய்தார்கள். மரபு வகைகளைப் பதினொன்று என்று எண்ணுவது வழக்கம். அத்தனையும் இங்கே வேண்டாம். முதல் பொம்மை வாங்குகிறவர் பெரும்பாலும் தடுமாறுவது நருகோவா, தொகத்தாவா என்பதில்தான். இரண்டுமே மியாகி மாகாணத்து ஊர்கள்.

நருகோ பொம்மையின் தலையைப் பிடித்து மெல்லத் திருகுங்கள். 'கீச்' என்று சத்தம் வரும். தலையில் குடையும் துளையைக் கழுத்தைவிட இம்மியளவு சிறிதாக வைப்பார்கள். அப்புறம் உடம்பு கடைசல் எந்திரத்தில் சுழலும்போதே தலையை அதன்மேல் அழுத்துவார்கள். உரசும் சூட்டில் கழுத்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறியபின் தலை சுழலும், கழன்று வராது. பசையும் இல்லை, ஆணியும் இல்லை. தோள் அகன்று, இடை சற்று உள்வாங்கிய உடம்பு. அதில் சிவப்புச் செவ்வந்தி. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

தொகத்தாவின் தலையைத் திருக முயலாதீர்கள், அது இறுக்கிச் செருகியது. இதன் அழகெல்லாம் தலையில்தான் இருக்கிறது. உடம்புக்குச் சற்றுப் பெரிய தலை, பிறை போன்ற கண்கள், உச்சியிலிருந்து கதிர் விரிவதுபோல் சிவப்புக் கோடுகள். அலமாரியில் தள்ளி நின்று பார்க்க நருகோவைவிட இதுதான் எடுப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மற்றவற்றில் இரண்டைச் சொல்லலாம். இவாத்தே மாகாணத்து நம்பு பொம்மைக்குத் தலை தளர்வாக ஆடும். பழைய வடிவத்தில் வண்ணமே இருக்காது. குழந்தைகள் சப்பக் கொடுத்த பொருளிலிருந்து வந்தது என்பார்கள். அவோமொரியின் சுகரு பொம்மையில் தலையும் உடம்பும் ஒரே கட்டையில் கடைந்தவை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வளர்ந்த புதுப்பாணி கொகேஷிகளுக்குக் கழுத்துக் கணக்கு உதவாது. குன்மா மாகாணத்தில் இவை நிறைய உருவாகின்றன. ஊர் மரபு கிடையாது. வடிவம், நிறம், கூந்தல் எல்லாம் செய்பவரின் கற்பனை. கெயாக்கி மரத்தின் ரேகையையே ஆடையாகத் தெரிய விட்ட பொம்மைகளைப் பார்த்து நின்றுவிட்டிருக்கிறேன். தனியாக ஒன்று போதும் என்பவருக்கு இவை சிறப்பு. சேகரிக்க என்றால் என் கை மரபுப் பொம்மைக்குத்தான் போகும். குருவும் சீடரும் அதே பூவை, அதே வரிசையில் தீட்டியிருப்பார்கள். ஆனால் இமைக்கோடு மட்டும் கொஞ்சம் வேறாக இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதைக் கண்டுபிடிப்பதில் இருக்கும் சந்தோஷம் தனி.

எதை வாங்கினாலும் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் கடைந்தவரின் பெயர் மையில் இருக்கும். மரபுப் பொம்மைகளில் சிலர் வயதையும் எழுதுவதுண்டு. பழைய பொம்மை என்றால் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒப்பிடுங்கள். சாயம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், முதலில் போவது ஊதாவும் மஞ்சளும். ஈரத்துணியால் துடைத்தால் சிவப்பு இழுகிவிடும். என் முதல் நருகோவை இரண்டு வருடம் ஜன்னலோரம் வைத்திருந்தேன். வெளிச்சம் பட்ட பக்கத்தில் செவ்வந்தி இப்போது வெளிர் ஆரஞ்சு. திருகினால் கீச்சொலி மட்டும் அப்படியே இருக்கிறது.