முப்பது பிரதிக்கும் அச்சிட்டுத் தருகிறார்கள்: முதல் சிறுகதைத் தொகுப்பும் ராயப்பேட்டை அச்சுக்கூடமும்

ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள், மாடிப்படிக்குக் கீழே தொடங்கி உள்ளே நீண்டு செல்லும் ஓர் அச்சுக்கூடத்தில், சென்ற கார்த்திகை மாதம் என்னுடைய முதல் சிறுகதைத் தொகுப்பை அச்சிட்டு வாங்கினேன். நாவல்களுக்கு வழக்கமான டெமி அளவில் 144 பக்கங்கள், பதினொரு கதைகள். முதலில் 30 பிரதிகள், பிறகு 50 பிரதிகள். குறைந்த எண்ணிக்கையில் டிஜிட்டல் முறையில் நூல் அச்சிட்டுத் தரும் இத்தகைய கூடங்கள் இப்போது பல ஊர்களில் ஏறத்தாழ ஒரே விதமாக நடப்பதால், கடையின் பெயரைக் குறிப்பிடாமல், அங்கே கிடைக்கும் சேவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வேலையும் மனத்துக்குக் கதையுமாக இருப்பவர்களுக்கு இது பயன்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

நான் ஒரு தனியார் மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தாம்பரத்திலிருந்து காலையில் வரும் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்த நாளில் கைபேசியில் இரண்டு பத்திகள் எழுதுவேன். கிடைக்காத நாளில், கம்பியைப் பிடித்து நின்றபடி ஒரே ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து, எழும்பூரில் இறங்கியதும் நடைமேடையிலேயே நின்று அதைக் குறித்துக்கொள்வேன். இரவில் பாத்திரம் கழுவி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, மகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து முடித்தபின் கிடைப்பது நாற்பது நிமிடம். ஏழு ஆண்டுகளில் இருபத்தாறு கதைகள் இப்படித்தான் எழுதப்பட்டன. அவற்றில் நான்கு சிற்றிதழ்களில் வந்தன. மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எந்தப் பதிலும் வரவில்லை. மறுத்து ஒரு வரி வந்திருந்தால்கூட அதை வைத்துக்கொண்டு கதையைத் திருத்தியிருப்பேன். பதிலே வராதபோது, கதை மோசமா, படிக்கப்படவே இல்லையா என்று பிரித்தறிய முடியாமல் போகிறது, அதுதான் எழுதுகிறவரை உள்ளுக்குள் அரிக்கிறது. ‘யாருக்காக எழுதுகிறாய்’ என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது, படித்தே ஆக வேண்டிய கடமை இல்லாத ஒருவர் என் கதையைப் படிப்பது. அதற்கு மேல் எனக்குப் பெரிய ஆசைகள் இருந்ததாக நினைவில்லை.

இதற்கு முன் ஒரு பதிப்பகத்தை அணுகியிருந்தேன். 48,000 ரூபாய் கொடுத்தால் 300 பிரதிகள் அச்சிடுவதாகவும், அவற்றில் 100 பிரதிகளை எனக்குத் தருவதாகவும் சொன்னார்கள். மற்ற 200 பிரதிகள் எங்கே போகும், விற்றால் எனக்கு என்ன வரும் என்று கேட்டதற்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. கதைகளை அவர்கள் படித்ததற்கான அடையாளமும் அந்தப் பேச்சில் இல்லை. என் மூன்று மாதச் சேமிப்பை அப்படி இறைக்க மனம் வராமல் திரும்பிவிட்டேன்.

ஆஃப்செட் அச்சில் குறைந்தது சில நூறு பிரதிகளாவது அடித்தால்தான் கட்டுப்படியாகும் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். தாளின் ஒரு பக்கத்துக்கு எட்டுப் பக்கம், மறுபக்கத்துக்கு எட்டுப் பக்கம் என்று பதினாறு பக்கங்களை ஒரு ஃபாரமாகக் கோத்து, அதற்குத் தகடு எடுத்து, இயந்திரத்தில் ஏற்றும் செலவு 30 பிரதிக்கும் 3,000 பிரதிக்கும் ஒன்றுதான். எண்ணிக்கை கூடினால்தான் அந்தச் செலவு பரவிக் குறையும். டிஜிட்டல் அச்சில் தகடு கிடையாது. கணினியிலிருந்து கோப்பு நேரே இயந்திரத்துக்குச் செல்வதால், ஒரு பிரதி எடுத்தாலும் அச்சுக்கூலி ஏறத்தாழ அதே விகிதத்தில்தான் வருகிறது. கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவைத்துக்கொண்டு, கறையான் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் நிலையிலிருந்து புதிய எழுத்தாளரைக் காப்பது இந்த ஒரு வேறுபாடுதான்.

எனக்கு ஆன செலவை மறைக்காமல் சொல்கிறேன். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாளின் எடை) கொண்ட, லேசான மஞ்சள் சாயலுள்ள நேச்சுரல் ஷேட் தாள், மேட் லேமினேஷன் போட்ட 300 ஜிஎஸ்எம் அட்டை, முதுகில் பசையால் ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் எல்லாம் சேர்த்து ஒரு பிரதிக்கு 112 ரூபாய் ஆனது. பக்க வடிவமைப்புக்குப் பக்கத்துக்கு 20 ரூபாய், அட்டை வடிவமைப்புக்கு 1,500 ரூபாய், நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதியிருந்த மூன்று பழைய கதைகளைத் தட்டச்சு செய்ததற்கு 1,140 ரூபாய். முதல் முப்பது பிரதிகள் கைக்கு வந்தபோது மொத்தம் 8,880 ரூபாய் செலவாகியிருந்தது. அதாவது ஒரு பிரதி 296 ரூபாய். இரண்டாம் முறை 50 பிரதிகள் அடித்தபின் அது ஏறத்தாழ 182 ரூபாயாக இறங்கியது. விலையை 180 என்று போட்டேன். இதில் லாபம் வராது. லாபத்தை எதிர்பார்த்து இந்த வழியில் வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

பணத்தில் ஒரு பகுதியை நண்பர்களிடமிருந்து முன்கூட்டியே வாங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு பேர் புத்தகத்தைப் பார்க்காமலேயே விலையை அனுப்பிவைத்தார்கள். கேட்க முதலில் கூசியது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கையொப்பம் வாங்கித்தான், அதாவது வாங்குவோரிடம் முன்பே உறுதி பெற்றுத்தான், அச்சு வேலையில் இறங்கினார் என்பது நினைவுக்கு வந்த பிறகு அந்தக் கூச்சம் விலகியது. அவருடைய பணிக்கும் என் சிறு முயற்சிக்கும் ஒப்புமை எதுவும் இல்லை. ஆனால் தமிழில் புத்தகம் போடுவதற்காகத் தெரிந்தவர்களிடம் கை நீட்டுவது இழிவன்று என்ற துணிச்சலை அது கொடுத்தது.

இந்தச் சேவையில் நான் அதிகம் மதிப்பது அச்சு இயந்திரத்தை அல்ல. அதற்கு முந்தைய கட்டத்தை. கூடத்தின் பின்பகுதியில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு பெண் உட்கார்ந்து பக்கங்களை வடிவமைக்கிறார். நான் கைபேசியில் ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்தவற்றை அவர் தம் மென்பொருளுக்கு ஏற்ற பழைய எழுத்துருவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. மாற்றியதும் மேற்கோள் குறிகள் இருந்த இடங்களில் வேறு எழுத்துகள் முளைத்திருந்தன. ‘ஸ்ரீ’ வந்த இடமெல்லாம் கட்டமாகியிருந்தது. அவர் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாகத் தேடி மாற்றினார். அதைவிட என்னை வியக்கவைத்தது, வரியின் தொடக்கத்தில் மெய்யெழுத்து தனியாக வந்து நிற்காமல் அவர் பார்த்துக்கொண்ட விதம். ‘வந்தா’ ஒரு வரியிலும் ‘ள்’ அடுத்த வரியிலும் பிரிந்து நின்றால், எழுத்துகளுக்கிடையே உள்ள இடைவெளியை மயிரிழை அளவு குறைத்து, அந்த ‘ள்’ளை மேல் வரிக்கு ஏற்றினார். ‘இதெல்லாம் யார் பார்க்கப் போறாங்க’ என்று நான் சொன்னதற்கு, ‘கண்ணு இடறும்க்கா’ என்றார். ஒரு சொற்றொடரை எழுதி மூன்று முறை அடித்துத் திருத்துபவளுக்கு அந்தப் பதில் நெருக்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் திருத்தங்களோடு போனபோது அவர் என் தாள்களை வாங்கிக்கொள்ளாமல் ஒரு கேள்வி கேட்டார். ‘அக்கா, அந்தப் பொண்ணு கடைசியில வீட்டுக்குப் போயிட்டாளா, இல்ல அங்கயே உக்காந்துட்டாளா?’ அது தொகுப்பின் ஆறாவது கதை. வேலை முடிந்து வரும் ஒரு பெண் தன் நிலையத்தில் இறங்காமல் கடைசி நிலையம் வரை போய்விடுவாள். பிறகு என்ன ஆனது என்று நான் எழுதவில்லை. தட்டச்சும் வடிவமைப்பும் அவருக்குக் கூலி வேலை. கதையைப் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. இருந்தும் படித்திருக்கிறார், அந்தப் பெண்ணைப் பற்றி யோசித்திருக்கிறார். எனக்கு அந்த இடத்தில் பேச்சு வரவில்லை. ஏழு ஆண்டுகளாக எந்த வாசகருக்காகக் காத்திருந்தேனோ, அவர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, வலது கையால் சுட்டியைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குறைகளுக்கு வருகிறேன், அவை சிறியவை அல்ல. பத்து நாளில் தருவதாகச் சொன்ன வேலை இருபத்து மூன்று நாள் இழுத்தது. இடையில் தேர்வு வினாத்தாள், திருமண அழைப்பிதழ் என்று பெரிய வேலைகள் வந்தால் நம் முப்பது பிரதிகள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. அட்டையில் திரையில் பார்த்த நீலம் அச்சில் ஊதாவாக வந்தது. மூன்று பிரதிகளில் ஓரம் வெட்டும்போது பக்க எண்களும் சேர்ந்து வெட்டுப்பட்டிருந்தன. காட்டியதும் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் எண்ணிப் பார்த்து வாங்காமல் போயிருந்தால் அவை அப்படியே யாருடைய கைக்கோ போயிருக்கும்.

மெய்ப்புப் பார்ப்பது இந்தச் சேவையில் அடங்காது என்பதை எல்லாரும் மனத்தில் இருத்த வேண்டும். கூடுதல் கட்டணத்துக்கு மென்பொருள் ஒன்றில் ஓட்டித் தருகிறார்கள். அதை நம்பக் கூடாது. என் கதை ஒன்றில் ‘வேலை கேட்டு வந்தான்’ என்று இருந்தது ‘வேலைக் கேட்டு வந்தான்’ என்று மாறியிருந்தது. ஓர் ஒற்று கூடியதில், வேலையில்லாத இளைஞன் முருகனின் வேலைக் கேட்டு வந்தவனாகிவிட்டான். கையெழுத்திலிருந்து தட்டச்சு செய்த கதைகளில் கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் விழுந்து, ‘அப்பா’ இரண்டு இடங்களில் ‘அப்பர’ ஆகியிருந்தார். கண் பழகிப்போனதால் என் எழுத்தில் உள்ள பிழை எனக்குத் தெரியவில்லை. பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பாதான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து அறுபதுக்கு மேல் பிழைகளைக் கண்டுபிடித்தார். உங்களுக்கும் அப்படி ஒருவர் கிடைக்கும்வரை அச்சுக்கு அவசரப்பட வேண்டாம்.

சோதனைப் பிரதி ஒன்றை முதலில் தனியாக அடித்துத் தரச் சொல்லுங்கள். அதற்கும் கட்டணம் உண்டு. ஆனால் கைபேசியில் நூறு முறை படித்த கதையைத் தாளில், பக்கம் புரட்டிப் படிக்கும்போது அது வேறொருவர் எழுதியதுபோல் தெரிகிறது. எங்கே இழுத்திருக்கிறோம், எங்கே வாசகரை நம்பாமல் விளக்கியிருக்கிறோம் என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படுகிறது. எந்தப் பயிலரங்கிலும் நான் இவ்வளவு கற்றதில்லை.

ஒவ்வொரு நூலுக்கும் தனி அடையாளமாகத் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணை வாங்கித் தருவதற்கு என்று சில இடங்களில் தனியே பணம் கேட்கிறார்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை அதை இலவசமாகவே வழங்குகிறது. எழுத்தாளர் தாமே இணையவழியில் விண்ணப்பிக்கலாம். நூல் வெளிவந்தபின், 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். தாமே வெளியிடுகிறவர்களில் பலர் இதைச் செய்வதில்லை. நான் என் பிரதியைக் கன்னிமாராவில் நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். 1896இல் திறந்த அந்த நூலகத்தின் அடுக்குகளில் எங்கோ என் 144 பக்கங்களும் இருக்கின்றன என்று நினைக்கும்போது, அடுத்த கதையை எழுத உட்காரும் கை கொஞ்சம் உறுதியாகிறது.

விற்பனைக்கு அச்சுக்கூடம் எதுவும் செய்யாது, செய்வதாகச் சொல்லவும் இல்லை. என் எண்பது பிரதிகளில் இதுவரை அறுபத்தொன்று போயிருக்கின்றன. பாதிக்குமேல் அலுவலகத்திலும் உறவிலும். தாம்பரம் ரயிலில் ஒரே பெட்டியில் வரும் மூன்று பெண்கள் ஒரு பிரதியை மாற்றி மாற்றிப் படித்துவிட்டு, நான்காவதாக ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். திரும்பக் கேட்கவில்லை.

நூறு பிரதிக்குள் அச்சிட நினைப்பவர்களுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இருநூறைத் தாண்டினால் ஆஃப்செட்டில் விலை கேட்டுப் பார்ப்பது நல்லது. பிரதிகளை மாதக் கடைசியில் வாங்கப் போகாதீர்கள். கூட்டத்தில் எண்ணிப் பார்க்க நேரம் இருக்காது.

இரண்டாம் முறை 50 பிரதிகள் அடிக்கக் கொடுத்தபோது ஆறாவது கதையில் ஒரு மாற்றம் செய்யச் சொன்னேன். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று இப்போதும் நான் எழுதவில்லை. ஆனால் 87ஆம் பக்கத்தில், கடைசி நிலையத்தின் பலகையில் உட்காரும் முன் அவள் கைப்பையைத் திறந்து வீட்டுச் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறாள் என்ற ஒரு வரியைச் சேர்த்தேன். கோப்பைத் திருத்துவதற்கு 50 ரூபாய் வாங்கினார்கள். வடிவமைக்கும் பெண் அந்த வரியைத் தட்டச்சு செய்தார், படித்தார், ‘சரிக்கா’ என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியின் தொடக்கத்தில் வந்து நின்ற ஒரு ‘ல்’லை மேலே ஏற்றினார்.