ஒன்பது வருடமாகப் பெட்டி மாவில் மார்பிள் லேயர் கேக்: என் அனுபவம்

எங்கள் வீட்டில் மகளுக்குச் சாக்லேட் தவிர வேறு கேக் இறங்காது, மகனுக்கு வெண்ணிலா மட்டும்தான். இரண்டு பேர் பிறந்தநாளும் மார்ச் மாதத்தில் பத்து நாள் இடைவெளியில் வருவதால் நடுவில் ஒரு சனிக்கிழமை பார்த்து ஒரே கேக்காக வெட்டிவிடுவோம். அப்படித்தான் சாக்லேட்டும் வெண்ணிலாவும் வரிவரியாகச் சேர்ந்த மார்பிள் கேக் எங்கள் வீட்டுக்குள் வந்தது. நியூ ஜெர்சிக்குக் குடிவந்த அடுத்த வருடம் ஆரம்பித்தது, இப்போது ஒன்பது வருடம் ஆகிறது. பிறந்தநாள் போக நண்பர்கள் வீட்டு விசேஷம், தமிழ்ச் சங்கப் பாட்லக் (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து) எல்லாம் சேர்த்தால் முப்பது கேக்கைத் தாண்டியிருக்கும். எல்லாமே கடையில் வாங்கிய பெட்டி மாவில், அதாவது மைதாவும் சர்க்கரையும் ஏற்கனவே கலந்து பெட்டியில் விற்கும் கேக் மிக்ஸில் செய்ததுதான்.

ஊரில் எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. கேக் என்றால் பேக்கரியில் வாங்குவது, இல்லையென்றால் அம்மா குக்கரில் மணல் போட்டுச் செய்வது. அதனால் பெட்டி மாவைக் கேவலமாக நினைக்கும் பழக்கம் எனக்கு வரவே இல்லை. முதல் தடவையே மெத்தென்று பொங்கி வந்ததைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

முதலில் வாங்கியது மார்பிள் கேக் என்றே விற்கும் பெட்டி. மஞ்சள் நிற வெண்ணிலா மாவு ஒரு பை, கூடவே சின்னதாகக் கோக்கோ பாக்கெட் ஒன்று இருக்கும். மாவைக் கரைத்து, அதில் கொஞ்சத்தைத் தனியே எடுத்து இந்தக் கோக்கோவைக் கலக்க வேண்டும். அகலமான செவ்வகத் தட்டில் ஒரே அடுக்காகச் செய்தால் அது போதும். இரண்டு வட்ட டின்னில் பிரித்து அடுக்கியபோது கறுப்புப் பகுதி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது, நிறமும் வெளிறிப்போய் மரக்கட்டை மாதிரி. மகள் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, என் சைடு எங்கம்மா?" என்றாள். அடுத்த தடவையிலிருந்து சாதாரண மஞ்சள் கேக் பெட்டியும் நம் கையிருப்புக் கோக்கோவும் என்று மாறிவிட்டேன். இன்றுவரை அதுதான்.

இப்போது செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன். டங்கன் ஹைன்ஸ் மஞ்சள் கேக் பெட்டி, 432 கிராம். தண்ணீருக்குப் பதில் அதே ஒரு கப் பால், முட்டை 3, எண்ணெய் பெட்டியில் போட்ட அளவே. பாதி எண்ணெயை எடுத்துவிட்டு உருக்கிய வெண்ணெய் ஊற்றினால் வாசனை நன்றாக இருக்கும், ஆனால் முழுவதையும் வெண்ணெயாக மாற்றாதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்ததும் வெண்ணெய் இறுகி, கேக் வறண்ட மாதிரி ஆகிவிடும். எண்ணெய் குளிரிலும் இறுகாமல் இருப்பதால்தான் பெட்டிக் கேக் மறுநாளும் ஈரப்பதமாக இருக்கிறது. முட்டையும் பாலும் அறைச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஹேண்ட் மிக்ஸரில் மெதுவான வேகத்தில் அரை நிமிடம், நடு வேகத்தில் 2 நிமிடம். அவ்வளவுதான், அதற்கு மேல் அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த மாவில் ஏற்கனவே எமல்சிஃபையர்கள் (எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்த்து வைக்கும் பொருள்கள்) சேர்த்திருக்கிறார்கள், பெட்டியின் பக்கவாட்டில் புரோப்பிலீன் கிளைக்கால் எஸ்டர் என்றெல்லாம் எழுதியிருப்பது அதுதான். எண்ணெய் சேர்ந்த மாவிலும் காற்றுக் குமிழ்களைப் பிடித்து வைப்பது அதன் வேலை. வெண்ணெயும் சர்க்கரையும் பத்து நிமிடம் நுரைக்க அடிக்கிற வேலையை அது மிச்சப்படுத்துகிறது.

மொத்தக் கரைசல் ஏறக்குறைய 900 கிராம் வரும். அதில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவிடுகிறேன். இப்போது கோக்கோ. நான் வருடக்கணக்கில் தப்பாகச் செய்தது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோக்கோவை அப்படியே தூளாகக் கொட்டிக் கலந்தால் அந்தக் கரைசல் கெட்டியாகிவிடும். கோக்கோ ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மஞ்சள் மாவு தோசை மாவுப் பதத்தில் இருக்க, கறுப்பு மாவு வடை மாவுப் பதத்துக்குப் போய்விடும். அதை ஊற்றினால் கட்டியாக விழுந்து அடியில் போய் உட்காரும், எவ்வளவு சுழற்றினாலும் கோடு வராது. வெந்த பிறகு வெட்டிப் பார்த்தால் அடியில் கறுப்புத் திட்டு, மேலே வெறும் மஞ்சள். எனக்கு மூன்று நான்கு கேக் இப்படிப் போனது. கை வாகு சரியில்லை, கத்தியைச் சுழற்றத் தெரியவில்லை என்று நினைத்துச் சுழற்றுகிற முறையையே மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிரச்சினை பதத்தில் இருந்தது. இரண்டு கரைசலும் கரண்டியிலிருந்து ஒரே வேகத்தில் வழிந்து விழ வேண்டும். இது ஒன்று சரியாக அமைந்துவிட்டால் பாதி மார்பிள் தானாகவே வந்துவிடும்.

அதனால் இப்போது 3 மேசைக்கரண்டி கோக்கோவை 3 மேசைக்கரண்டி கொதிக்கிற வெந்நீரிலும் 1 கரண்டி எண்ணெயிலும் குழைத்து ஆற வைத்துவிட்டுத்தான் கலக்கிறேன். வெந்நீரில் குழைத்தால் கட்டி தட்டாது, சாக்லேட் மணமும் நன்றாக எழும். வெந்நீருக்குப் பதில் சூடான காபி டிகாக்ஷன் ஊற்றினால் இன்னும் நன்றாக இருக்கும், காபி ருசி தனியே தெரியாது, சாக்லேட் மட்டும் ஆழமாகத் தெரியும். கோக்கோவில் டச்சு முறையில் (அமிலத்தன்மையைக் குறைத்து) பதப்படுத்தியது என்று போட்டிருப்பது நல்ல கறுப்பு நிறம் தரும். சாதாரணக் கோக்கோ கொஞ்சம் செம்பழுப்பு. இந்த அளவுக்கு எதைப் போட்டாலும் கேக் எழும்புவதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

8 அங்குல டின் இரண்டு, அடியில் பட்டர் பேப்பர். மஞ்சள் கரைசல் இரண்டு குழிக்கரண்டி, பக்கத்தில் கறுப்பு ஒரு கரண்டி என்று மாற்றி மாற்றி ஊற்றுங்கள், அதன் மேலே அடுத்த வரிசையில் மஞ்சள் மேல் கறுப்பு, கறுப்பு மேல் மஞ்சள். பிறகு வெண்ணெய் தடவும் கத்தியை விட்டு மூன்றே மூன்று இழுப்பு, கோலத்தில் சிக்கு இழுப்பது மாதிரி வளைத்து. போதும். நான்காவது இழுப்புக்குக் கை பரபரக்கும், விட்டுவிடுங்கள். அதிகமாகச் சுழற்றினால் இரண்டும் கலந்து முழுக் கேக்கும் பழுப்பாகிவிடும். வரிக்குதிரை மாதிரி வேண்டுமென்றால் சுழற்றவே வேண்டாம், டின்னின் நட்டநடுவில் ஒரு கரண்டி மஞ்சள், அதன் தலையிலேயே ஒரு கரண்டி கறுப்பு என்று ஊற்றிக்கொண்டே போனால் வட்ட வட்டமாகத் தானே பரவும். இரண்டு டின்னிலும் எடை சமமாக இருக்கிறதா என்று தராசில் வைத்துப் பார்த்துவிடுவேன், கண் அளவை நம்பினால் ஒரு அடுக்கு தடியாகவும் ஒன்று ஒல்லியாகவும் வந்துவிடுகிறது.

ஓவன் 350 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 177 செல்சியஸ் அளவு. டின் கறுப்பு நான்ஸ்டிக் என்றால் 325 வையுங்கள், கறுப்பு டின் சூட்டை அதிகம் இழுத்து ஓரத்தைத் தீய்த்துவிடும். 26 நிமிடத்தில் ஒரு தடவை பல்குச்சி குத்திப் பார்க்கத் தொடங்குவேன்.

லேயர் கேக்குக்கு மேல் பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். ஆனால் ஓரம் முதலில் வெந்து இறுகிவிட, நடுப்பகுதி மட்டும் எழும்பிக்கொண்டே போய் குன்று மாதிரி நிற்கும். இதற்காகவே டின்னைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டை கடைகளில் கிடைக்கிறது. நான் பழைய பருத்தித் துண்டைக் கிழித்து, நன்றாக நனைத்துப் பிழிந்து, அலுமினியத் தாளில் சுருட்டி டின்னைச் சுற்றிக் கட்டுகிறேன். ஈரத்துணி ஓரத்தின் சூட்டைக் குறைக்க, எல்லாம் ஒன்றாக எழும்பும். வேக நாலைந்து நிமிடம் கூடுதலாகும். பரவாயில்லை, மேலே சீவித் தள்ள வேண்டிய அளவு மிகவும் குறைந்துவிட்டது. சீவினால் சுழிதானே போகும், அதில்தான் வருத்தம்.

அப்புறம் பெட்டியின் அளவு விஷயம். பழைய சமையல் குறிப்புகளில் கேக் பெட்டி என்றால் 18.25 அவுன்ஸ், ஏறக்குறைய 517 கிராம். அது 15.25 அவுன்ஸாகி, இப்போது சில பெட்டிகள் 13.25 அவுன்ஸ், அதாவது 375 கிராம்தான். பெட்டியின் உயரம் பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது, விலையும் குறைந்த மாதிரி தெரியவில்லை. ஒரு வருடம் கவனிக்காமல் சின்னப் பெட்டியை வாங்கிவந்து பழைய கணக்கில் இரண்டு டின்னில் ஊற்றி, அடுக்கு அடை மாதிரி தட்டையாக வந்தது. அன்று மதியம் இருபது பேர் வருகிறார்கள், மறுபடி கடைக்கு ஓட வேண்டியதாயிற்று. இப்போது ஒரு பெட்டியைத் திறந்து ஃப்ரீசரில் போட்டு வைத்திருக்கிறேன். குறையும் அவுன்ஸை அதிலிருந்து நிறுத்துப் போட்டுக்கொள்கிறேன். மூன்றடுக்கு வேண்டுமென்றால் மஞ்சள் ஒரு பெட்டி, சாக்லேட் ஒரு பெட்டி என்று தனித்தனியாகக் கரைத்துவிடுவேன். இரண்டு பெட்டியின் தண்ணீர் அளவும் எண்ணெய் அளவும் ஒன்றாக இருக்காது, அங்கேயும் பதம் பார்த்துச் சமன் செய்ய வேண்டும். மிஞ்சும் கரைசலைக் கப் கேக்காகச் சுட்டுவிடலாம்.

டென்வரில் இருக்கும் என் தங்கை இதே அளவில் செய்துவிட்டு அழுகிற குரலில் கூப்பிட்டாள். "அக்கா, நீ சொன்ன மாதிரியேதான் செஞ்சேன், நடுவுல பள்ளம் விழுந்துருச்சு." அது அவள் தப்பில்லை. டென்வர் 5280 அடி உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் குறைவு, கேக் வேகமாகப் பொங்கி, இறுகுவதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடும். 3500 அடிக்கு மேல் இருப்பவர்கள் மைதா இரண்டு மூன்று கரண்டியும் கொஞ்சம் தண்ணீரும் கூட்ட வேண்டும். அப்படிச் செய்த பிறகு அவளுக்கும் ஒழுங்காக வருகிறது.

கரைசலை நக்கிப் பார்ப்பதை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம். 2021ல் கேக் மாவுடன் தொடர்புடைய ஈ.கோலை என்ற பாக்டீரியாத் தொற்று இங்கே பல மாநிலங்களில் பரவி 16 பேருக்கு உடம்புக்கு வந்தது, பெரும்பாலும் பிள்ளைகள். முட்டைதான் ஆபத்து என்று நினைத்திருந்தேன், வேகாத மைதாவும் அதே ஆபத்துதான். பாத்திரத்தை வழிப்பதற்குக் காத்திருக்கும் பிள்ளைகளிடம் இல்லை என்று சொல்வது கஷ்டம், சொல்லித்தான் ஆக வேண்டும். அவர்களுக்கு க்ரீம் கிண்ணத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

டப்பாவில் விற்கும் ஃப்ராஸ்டிங்கை (கேக் மேல் பூசும் க்ரீம்) நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். ஒரே தித்திப்பு, இரண்டு அடுக்குக்கு ஒரு டப்பா பற்றவும் பற்றாது. நான் பூசுவதற்குச் சேர்ப்பது க்ரீம் சீஸ் ஒரு பாக்கெட் 226 கிராம், வெண்ணெய் 113 கிராம், பொடித்த சர்க்கரை 2 கப், ஒரு சிட்டிகை உப்பு. நம் ஆட்கள் இரண்டாவது துண்டு கேட்பது இதற்குத்தான். கேக் நன்றாக ஆறிய பிறகே தடவ வேண்டும். நான் முந்தின நாளே சுட்டு, பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுவேன், மறுநாள் தடவும்போது தூள் உதிராது. முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம், அப்புறம் முழுப் பூச்சு.

ஒரு பாட்லக்கில் ஒரு அக்கா, "பெட்டி மாவா? நாங்கூட நீயே செஞ்சதுன்னு நெனச்சேன்" என்றார். அன்று மனசுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்தப் பெட்டியின் கதையைத் தேடிப் படித்தேன். பிட்ஸ்பர்க்கில் டஃப் என்ற நிறுவனம் 1930களிலேயே கேக் மாவுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறது. 1947ல் பெட்டி கிராக்கர் (Betty Crocker) என்ற பிராண்டின் இஞ்சிக் கேக் மாவு, 1951ல் டங்கன் ஹைன்ஸ் மாவு. மாவில் இருந்த முட்டைப் பொடியை எடுத்துவிட்டு, பெண்கள் தாங்களே சமைத்த மாதிரி உணர வேண்டும் என்பதற்காக 1950களில் முட்டையைச் சேர்க்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் டஃப் நிறுவனம் 1935ல் வாங்கிய காப்புரிமையிலேயே புது முட்டை சேர்ப்பது பற்றி இருக்கிறது. புது முட்டை போட்ட கேக் ருசியாக இருக்கும், காரணம் அவ்வளவு எளிமையானது. பதம் பார்ப்பது, சுழற்றுவது, அடுக்குவது, பூசுவது எல்லாம் என் கைதான். கடையில் அரைத்த மிளகாய்த்தூளில் குழம்பு வைத்தால் அது நம் குழம்பு இல்லையா? அந்த அக்காவிடமும் இதைத்தான் சொன்னேன், இப்போது அவரும் செய்கிறார்.

மார்பிள் கேக்கின் பூர்வீகம் ஜெர்மனி, அங்கிருந்து குடிபெயர்ந்தவர்கள் வழியாக அமெரிக்காவுக்கு வந்தது. ஆரம்பத்தில் இங்கே கறுப்புப் பகுதிக்குச் சாக்லேட் போடவில்லை, மொலாசஸ் என்ற கரும்புப் பாகும் மசாலாவும்தான். போன டிசம்பரில் அதைச் செய்து பார்த்தேன். கோக்கோவுக்குப் பதில் 3 கரண்டி மொலாசஸ், பட்டை, கிராம்பு, கொஞ்சம் சுக்கு. பாகு சேர்ந்ததும் கரைசல் நீர்த்துவிட்டது, 2 கரண்டி மைதா போட்டுப் பதத்துக்குக் கொண்டுவந்தேன். சுடும்போதே வீடு முழுக்க அதிரசம் செய்கிற நாள் மாதிரி ஒரு வாசம். மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார், மார்பிள் கேக்கைத் தொடவே மாட்டார், அன்று இரண்டு துண்டு சாப்பிட்டார்.

முட்டை இல்லாமலும் செய்து பார்த்தேன், ஒரு முட்டைக்குக் கால் கப் கெட்டித் தயிர் கணக்கில். ருசி நன்றாகவே இருந்தது, ஆனால் பொலபொலவென்று உதிர்ந்தது, அடுக்க முடியவில்லை. செவ்வகத் தட்டில் ஒரே அடுக்காகச் செய்து அப்படியே துண்டு போட்டால் சரியாக வரும்.

க்ரீம் சீஸ் பூசியதால் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள். கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு வெட்டினால் கோடுகள் கலையாமல் தெரியும். முதல் துண்டை வெட்டிச் சாய்க்கும்போது உள்ளே எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க இன்றைக்கும் பிள்ளைகள் இரண்டு பேரும் மேசை மேல் குனிந்து நிற்கிறார்கள். மகளுக்குப் பதினாலு வயதாகிவிட்டது, கறுப்பு அதிகமாக இருக்கிற துண்டு யாருக்கு என்று இன்னும் அவள்தான் முடிவு செய்கிறாள்.