ஆழத்துக்கு எது சரி: தூணா, லாங்வாலா?

நிலக்கரிச் சுரங்கம் என்றதும் நமக்கு நெய்வேலிதான் ஞாபகம் வரும். அது மேலிருந்து தோண்டும் திறந்தவெளி. எடுப்பதும் பழுப்பு நிலக்கரி. அரசு நிறுவனமான கோல் இந்தியா எடுக்கும் நிலக்கரியிலும் பூமிக்கடியிலிருந்து வருவது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. ஆழத்தில் கிடப்பதை எடுப்பதென்றால் பிரதானமாக இரண்டு வழி: தூண் விட்டு வெட்டும் 'போர்டு அண்ட் பில்லர்', இல்லாவிட்டால் 'லாங்வால்'.

முதலாவதுதான் ஜாரியா, ராணிகஞ்ச், சிங்கரேணி ஆகிய நிலக்கரிப் பகுதிகள் எல்லாம் பழகிய முறை. குறுக்கும் நெடுக்குமாகப் பாதை வெட்டி, நடுவே நிலக்கரியையே தூண்களாக விட்டுக் கூரையைத் தாங்க வைப்பார்கள். முதலீடு குறைவு. வழியில் பாறைப் பிளவு குறுக்கிட்டால் ஒதுங்கிப் போய்க்கொள்ளலாம். ஆனால் ஆழம் கூடக்கூடத் தூணும் பெருக்க வேண்டும். 2017-ல் புதிய விதிகள் வரும்வரை இருந்த 1957-ம் ஆண்டின் இந்திய விதிமுறைப்படி, 4.8 மீட்டர் அகலப் பாதைக்கு, 60 மீட்டர் ஆழம்வரை தூண்களின் நடுமையங்களுக்கு இடையே 19.5 மீட்டர் போதுமாக இருந்தது. 360 மீட்டரைத் தாண்டினால் 48 மீட்டர். கணக்குப் போட்டால், முதல் சுற்றில் மேலே சுமார் 43 சதவீதம் கைக்கு வரும். கீழே 19 சதவீதம்தான்.

மிச்சத்துக்கு, திரும்பி வந்து தூண்களையே அறுக்க வேண்டும். உயிரைப் பணயம் வைக்கும் வேலை அதுதான். முட்டுக் கொடுத்த மரம் நெரிகிற சத்தம் கேட்டால் ஆட்கள் பின்னுக்கு ஓடிவிடுவார்கள்; மரம் முன்கூட்டியே சத்தம் கொடுக்கும் என்பதாலேயே இரும்பு வந்த பிறகும் அதை விடாமல் வைத்திருந்தார்கள்.

லாங்வாலில் அறுக்கிற இடத்தில் தூணே கிடையாது. தெலங்கானாவின் அதிரியாலா சுரங்கத்தில் சுமார் 250 மீட்டர் நீள நிலக்கரிச் சுவரை ஷியரர் இயந்திரம் சீவிக்கொண்டே போகும். கூரையைப் பிடித்திருக்கும் ஹைட்ராலிக் தாங்கிகள் ஒவ்வொன்றாக முன்னே நகரும். பின்னால் கூரை தானாக இடிந்து விழும். விழ வேண்டும் என்பதுதான் திட்டமே. ஆட்கள் தாங்கிக்கு அடியில் இருப்பார்கள். படிவில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடலாம்.

சரி, அப்படியென்றால் 1978-லேயே ஜாரியா பகுதியின் மூனிடி சுரங்கத்தில் இறக்கிய லாங்வால் ஏன் இங்கே பரவவில்லை? முதலில் பணம். அப்புறம் நம் கூரைப் பாறை. கெட்டிப் பாறை உடனே விழாமல் தொங்கிக்கொண்டே இருந்து, ஒரே நேரத்தில் மொத்தமாக இறங்கும். 1990-ல், இன்றைய சத்தீஸ்கரில் உள்ள சுர்ச்சா சுரங்கத்தில் தாங்கிகளே நசுங்கின. மேலே ஊர் இருந்தால் நிலமும் அமிழும்.

புதிதாக, ஆழத்தில், நேரான படிவில் இறங்குவதாக இருந்தால் நான் லாங்வால் பக்கம்தான். ஆனால் பல பழைய சுரங்கங்களில் ஏற்கெனவே தூண் வெட்டி வைத்தாயிற்று. பாதைகளாய்த் துளைத்த அடுக்கில் லாங்வாலை ஓட்டுவது மகா கஷ்டம். அங்கே, வெடி வைக்காமல் நிலக்கரியை வெட்டி அள்ளும் 'கன்டினியூயஸ் மைனர்' இயந்திரத்தை இறக்கி, கூரைக்கு போல்ட் அடித்துக்கொண்டே தூண்களை எடுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.