பூட்டனார் பார்த்த 'அரசுப் பணி': டாஸ்மேனியா நூலகத்தின் பெயர்த் தேடல் சேவை

ஜெயிலுக்குப் போனவரை நம்மூரில் "மாமியார் வீட்டுக்குப் போயிருக்கார்" என்று சொல்லிக் கதையை முடித்துவிடலாம். ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. 1803 முதல் 1853 வரை பிரிட்டன் அங்கே கப்பலேற்றி அனுப்பிய எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளின் ஏடுகளை மாநில நூலகம் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. காசு கிடையாது. குடும்ப வரலாற்றில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நினைப்பவர், பூசணி எவ்வளவு பெரிது என்று முதலில் இங்கே பார்த்துக்கொள்வது நல்லது.

பெயரை மட்டும் தட்டினால் ஒரே பெயரில் பல பேர் வந்து நிற்பார்கள். கப்பல் பெயரும் வந்த ஆண்டும் சேர்ந்தால்தான் ஆள் பிடிபடும். ஒரே கப்பல் பலமுறை வந்திருக்கும், ஆகவே அதன் பெயருக்குப் பின்னால் உள்ள பயண எண்ணையும் கவனியுங்கள். எழுத்துக்கூட்டல் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி இருக்கும். இரண்டு மூன்று விதமாகத் தேடாமல் "இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள்.

முக்கியமானது நடத்தை ஏடு. 'கான்' (CON) என்பது இந்த ஏடுகளின் வரிசைக் குறியீடு. முன்காலத்தில் வந்த ஆண்களுக்கு 'கான் 31', 1840களிலும் அதற்குப் பிறகும் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் 'கான் 33'. பெண்களுக்கு 'கான் 40', 1844 முதல் 'கான் 41'. குற்றம், தண்டனைக் காலம், குற்றத்தைப் பற்றிக் கைதியே சொன்னது, அதற்குப் பிறகு வாங்கிய ஒவ்வொரு தண்டனை என எல்லாமே அதில் உண்டு. குடித்தது, ஓடிப்போனது, கசையடி எதுவும் தப்பாது. கையெழுத்துதான் படுத்தும். 'டி.எல்.' என்றால் நிபந்தனையோடு வெளியே வேலை செய்யும் சீட்டு, 'சி.பி.' நிபந்தனை மன்னிப்பு, 'எஃப்.சி.' விடுதலைச் சான்று. இந்த மூன்றும் தெரிந்தால் பாதி ஏடு புரிந்துவிடும்.

இனி வெள்ளையடிப்பு. ஆடு திருடியவர் 'கால்நடைகள் மீது தீராத ஈடுபாடு கொண்டவர்'. ஏழாண்டுத் தண்டனை 'அரசுச் செலவில் கடல்பயணம், நீண்டகாலப் பணி ஒப்பந்தம்'. சங்கிலியோடு ரோடு போட்டவர் 'காலனியின் சாலை வசதிக்கு உழைத்தவர்'. போர்ட் ஆர்தர் கைதி முகாம் 'தீபகற்பத்தில் கடலோர வாசம்'. சாட்டையடியை மட்டும் தொடாதீர்கள். அதற்கு எந்தப் பூச்சும் ஒட்டாது. இந்தக் கலையில் அரசாங்கமே நமக்கு முன்னோடி. பாலியல் தொழில் செய்த பெண்களை 'ஊர்மேல் இருந்தவர்' என்று, எத்தனை ஆண்டு என்ற கணக்கோடு குமாஸ்தா எழுதிவைத்திருப்பார். வான் டீமன்ஸ் லாண்ட் என்ற தன் பெயரையே அந்தக் காலனி 1856இல் டாஸ்மேனியா என்று மாற்றிக்கொண்டது, கைதிக் கறை போகட்டும் என்றுதான்.

பலரும் மாட்டிக்கொள்வது கப்பல் பெயரில். 'சீமான், இன்ன கப்பலில் 1833இல் வந்திறங்கினார்' என்று பெருமையாக எழுதினால், படிப்பவர் அதே கப்பலை இங்கே தட்டிப் பார்ப்பார். அது கைதிக் கப்பல் என்பது உடனே தெரிந்துவிடும். ஆண்டை எழுதுங்கள், கப்பலை விட்டுவிடுங்கள்.

குறை என்றால், 'கான் 31'இல் ஒரே பக்கத்தில் வேறு ஆட்களின் பதிவும் வரலாம். பக்கத்து ஆளின் குற்றத்தை நம் பூட்டனார் தலையில் கட்டிவிடும் ஆபத்து இருக்கிறது. உறுதி செய்ய, உயரம், பச்சை குத்தியது, தழும்பு எல்லாம் இருக்கும் அங்க அடையாளப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். லண்டனில் தண்டனை பெற்றவர் என்றால், அந்த ஊர்க் குற்றவியல் நீதிமன்றமான ஓல்டு பெய்லியின் வழக்குப் பதிவுகள் உள்ள இணையதளமும் இலவசம். 1674 முதல் 1913 வரையிலான வழக்குகள் அங்கே இருக்கின்றன, திருடிய கைக்குட்டையின் விலை உட்பட.