பழைய அவுட்போர்டு இன்ஜின் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பழவேற்காட்டில் என் மச்சானுக்கு ஒரு சின்ன ஃபைபர் படகு இருக்கிறது. ஏரியில் நண்டுக்கும் இறாலுக்கும் போவான். முகத்துவாரம் மணல் மூடாமல் இருக்கும் நாட்களில் கடலுக்கும் போவான். போன வருஷம், படகின் பின்பலகையில் மாட்டும் அவனுடைய பழைய அவுட்போர்டு இன்ஜின் ஓய்ந்துவிட்டது. வேறொன்று வாங்கப் பணம் போட்டதும், கூடப் போய்ப் பேசி முடித்ததும் நான்தான்.

சென்னையில் பழைய இன்ஜின்களை வாங்கிச் சரிசெய்து விற்கும் கடை அது. பெயர் எழுதவில்லை. நாங்கள் கேட்டது 9.9 குதிரைத்திறன். கடைக்காரர் காட்டியது, மூடியில் 15 என்று ஸ்டிக்கர் ஒட்டி, புது பெயின்ட் அடித்த ஒரு டூ ஸ்ட்ரோக் இன்ஜின். விலை 78,000 ரூபாய். "உங்க போட்டுக்கு இது பறக்கும் தம்பி" என்றார். படகு எவ்வளவு நீளம், எத்தனை பேர் போவீர்கள், எவ்வளவு வலை ஏற்றுவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்பலகையின் உயரத்தையும் கேட்கவில்லை. அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் அவுட்போர்டு வாங்கப் போகும்போது முதலில் தெரிந்திருக்க வேண்டியது அந்த உயரம்தான். இன்ஜின் மாட்டும் பலகையின் மேல் விளிம்பிலிருந்து படகின் அடிவரை, நடுக்கோட்டில் டேப் வைத்து அளக்க வேண்டும். 15 இன்ச் அளவில் வந்தால் கால் குட்டையான ஷார்ட் ஷாஃப்ட் இன்ஜின், 20 இன்ச் அளவில் வந்தால் கால் நீளமான லாங் ஷாஃப்ட் இன்ஜின். மாட்டிய பிறகு, தண்ணீரைத் தள்ளும் விசிறியான புரொப்பல்லருக்கு மேலே படுக்கையாக இருக்கும் தகடு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஒரு இன்ச் கீழேயோ நிற்க வேண்டும். அதைவிட மேலே ஏறினால் புரொப்பல்லர் காற்றை இழுத்துச் சும்மா சுற்றும். ரொம்பக் கீழே போனால் இழுவை கூடும், தரையிலும் இடிக்கும். எங்கள் பலகை பதினைந்தரை இன்ச். அவர் தலையில் கட்டியது லாங் ஷாஃப்ட். தகடு நாலு இன்ச்சுக்கு மேல் இறங்கி நின்றது. பழவேற்காடு ஏரியில் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான் இருக்கும். அங்கே அந்த நாலு இன்ச் சின்ன விஷயமே இல்லை.

முதல் நாளே அதிர்வு. நியூட்ரலில் ஒழுங்காக ஓடியது. கியர் போட்டு வேகம் கூட்டக் கூட்ட, பிடித்திருந்த கை முழங்கை வரை மரத்துப்போனது. கரைக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் மச்சானால் வலையில் முடிச்சுப் போட முடியவில்லை.

இன்ஜினைத் திரும்பக் கடைக்குத் தூக்கிப்போனோம். பிளக் மாற்றி கார்புரேட்டர் சுத்தம் செய்ததாக 3,200 ரூபாய் வாங்கினார். அதிர்வு போகவில்லை. அடுத்த தடவை இன்ஜினைத் தாங்கும் ரப்பர்கள் போய்விட்டன என்று 6,800. மூன்றாவது தடவை பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் போய்விட்டது என்று 4,500. அப்புறம், "ஃபைபர் போட் லேசு இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார். ஆக 14,500 ரூபாய். இதில் ஒரு தடவைகூட அந்தக் கடையில் புரொப்பல்லரைக் கழற்றிப் பார்க்கவில்லை.

ஐந்தாவது வாரம், முகத்துவாரத்தில் திரும்பி வரும்போது கீழே கரகரவென்று சத்தம் கேட்டு கியர் நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, படகு நகரவில்லை. வெளியே இழுக்கும் நீரோட்டம், பக்கவாட்டில் அலை, படகில் மச்சானும் அவன் சித்தப்பாவும். நங்கூரம் போட்டும் நிற்கவில்லை. பின்னால் வந்த படகுக்காரர்கள் கயிறு வீசி இழுத்து வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று என் தங்கை இன்னும் கேட்கிறாள்.

காசிமேடு பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். எங்கள் கண் முன்னாலேயே பின்னை நிமிர்த்தி, நட்டைக் கழற்றி, புரொப்பல்லரை உருவினார். அது மாட்டியிருந்த தண்டின், அதாவது ஷாஃப்ட்டின், அடியில் கறுப்பாக ஒரு வளையம். குத்தூசியால் நெம்பி இழுத்தார். மீன்பிடி நைலான் நரம்பு, தங்கூசி! இறுகி, சூட்டில் உருகி, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் 'சீல்' என்ற ரப்பர் வளையத்தைக் கிழித்திருந்தது. அடியில் இருக்கும் திருகைத் திறந்ததும் கியர் ஆயில் பால் டீ நிறத்தில் வழிந்தது. தண்ணீர் உள்ளே போனதற்கு அதுதான் அடையாளம்.

அப்புறம் அவர் செய்ததை எல்லோரும் செய்து பார்க்கலாம். பிளக் ஒயர்களைப் பிடுங்கிவிட்டு நியூட்ரலில் வைத்தார். ஒரு கம்பியைத் தகட்டில் கட்டி, அதன் முனையை ஷாஃப்ட்டை ஒட்டினாற்போல நிறுத்தி, ஷாஃப்ட்டைக் கையால் மெதுவாகச் சுற்றினார். நேரான ஷாஃப்ட் என்றால் இடைவெளி மாறாது. இங்கே ஒரு பக்கம் உரசியது, மறுபக்கம் தீக்குச்சி நுழைந்தது.

"இது உங்க கையில வளைஞ்சதில்ல தம்பி, இங்க பாருங்க" என்று புரொப்பல்லருக்குக் கீழே இருக்கும் சிறகைச் சுரண்டினார். பளபள பெயின்ட்டுக்கு அடியில் பழைய வெல்டிங். எங்கோ பாறையில் அடித்து உடைந்ததை ஒட்டிப் பூசி விற்றிருக்கிறார்கள். தங்கூசி எங்கள் வலையுடையதாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மூன்று தடவையில் ஒரு தடவை கழற்றியிருந்தால் அதுவும் தெரிந்திருக்கும், வளைவும் தெரிந்திருக்கும்.

மெக்கானிக் சொன்ன கணக்கு இதுதான். நியூட்ரலிலேயே ஆடினால் மேலே தேடு: ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் இருக்கலாம், ரப்பர் போயிருக்கலாம். கியர் போட்ட பிறகு மட்டும் ஆடி, வேகத்தோடு கூடினால் கீழே தேடு. காசு செலவழிக்கும் முன் புரொப்பல்லரைக் கழற்று.

ஷாஃப்ட், பேரிங், சீல், கூலி எல்லாம் சேர்த்து 11,900 ரூபாய் ஆனது. பின்பலகையில் தேக்குக் கட்டை போட்டு இன்ஜினை நாலு இன்ச் உயர்த்திக் கொடுத்தார். இப்போது முழு வேகத்திலும் கை மரப்பதில்லை. பிராக்கெட்டில் இருந்த நம்பர் தகட்டைத் துடைத்துப் பார்த்தால் அது 9.9 மாடல். 15 என்பது வெறும் ஸ்டிக்கர்.

நீங்கள் போகும்போது நம்பர் தகட்டைப் போட்டோ எடுங்கள். கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனையும், அதாவது உள்ளே உண்டாகும் அழுத்தத்தையும், அளக்கச் சொல்லுங்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். வலையும் ஆளும் ஏற்றித் தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். கடையில் தண்ணீர் டிரம்மில் ஓட்டிக் காட்டினால் போதாது. இதற்கெல்லாம் முகம் சுளிக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கடைக்காரரிடம் கேட்டதற்கு, "மணல்ல இடிச்சிருப்பீங்க" என்றார். ரசீதும் தரவில்லை. பாதிப் பணம் போனில் அனுப்பியதால் அந்தச் சான்று மட்டும் இருக்கிறது. தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் புகார் செல்லாது என்று சிலர் பயமுறுத்தினார்கள். அது சரியில்லை. சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாமும் நுகர்வோர்தான். புகாருக்கு இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பேசிப் பதிந்திருக்கிறோம். வளைந்த ஷாஃப்ட்டைத் துணியில் சுற்றி மச்சான் வீட்டுப் பரணில் வைத்திருக்கிறான், மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போனால் கொண்டுபோக.