பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்தெடுப்பது: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

பிராசஸருக்கும் அதன் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோக ஹீட்சிங்குக்கும் நடுவில் பூசியிருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டை அகற்ற எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால், நான் சொல்லும் பதில் பல ஆண்டுகளாக மாறவில்லை. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி, அவசரப்படாத கை. என் வீட்டுக் கணினிகளோடு, "சூடாகிறது, திடீரென்று அணைந்துவிடுகிறது" என்று உறவினர்களும் நண்பர்களும் கொண்டுவந்து தரும் இயந்திரங்களையும் நெடுங்காலமாகத் திறந்து சரிசெய்துவருகிறேன். இந்த வேலைக்கென்றே விற்கும் திரவங்கள், ஈரத்தாள்கள், மருந்துக்கடை ஸ்பிரிட் எல்லாம் என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. எவ்வளவு வேகமாகத் துடைக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. சிப்புக்கும் போர்டுக்கும் கேடு வராமல் துடைக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

பேஸ்ட் என்ன செய்கிறது என்பது தெரிந்தால் அதை எப்படி எடுப்பது என்பதும் விளங்கும். பிராசஸரின் உலோக மூடியும் ஹீட்சிங்கின் அடிப்பகுதியும் வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. அவற்றில் சிக்கிய காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர் கெல்வினுக்குச் சுமார் 400 வாட் என்றால், காற்றுக்கு அது 0.026 வாட்தான். அந்தக் காற்றை வெளியேற்றி அதன் இடத்தை நிரப்பவே பேஸ்ட். சிலிகோன் எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் துத்தநாக ஆக்சைடு, அலுமினியம் ஆக்சைடு போன்ற பொடிகளைக் குழைத்து அதைச் செய்கிறார்கள். கணினி சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் உலோகங்கள் விரிந்து சுருங்க, பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்குத் தள்ளப்படுகிறது. எண்ணெயும் பிரிந்து ஓரமாக ஒதுங்குகிறது. நடுவில் மிஞ்சும் பொடி பழைய சுவரின் சுண்ணாம்புபோல் பொருக்குத் தட்டிவிடுகிறது. பொடியைத் துடைப்பது எளிது. கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடும் எண்ணெய்ப் படலம்தான் பிடிவாதக்காரன்.

துடைப்பதைப் பற்றிப் பேசுமுன் ஹீட்சிங்கைப் பிரிப்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் பார்த்த அளவில் பெரும்பாலான சேதம் நடப்பது அந்த இடத்தில்தான். குறிப்பாக, பிராசஸர் நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட், அதாவது போர்டில் பிராசஸர் பொருந்தும் இடம். அதில் 1331 பின்கள், அதாவது ஊசிபோன்ற இணைப்புக் கம்பிகள், பிராசஸரின் அடியில் இருக்கின்றன. சாக்கெட்டின் நெம்புகோல் பிராசஸரைப் பக்கவாட்டில் இறுக்கிப் பிடிக்கிறதே தவிர, மேலிருந்து அழுத்தும் சட்டம் எதுவும் இல்லை. பேஸ்ட் இறுகியிருக்கும்போது ஹீட்சிங்கை நேராக மேலே இழுத்தால், நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே பிராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். பின்கள் வளையும், சில நேரம் முறியும். அதனால் முதலில் கணினியைப் பத்து நிமிடம் நல்ல வேலை வாங்கிச் சூடேற்றுகிறேன். பிறகு அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி, மிச்ச மின்னூட்டத்தை வடிய விடுகிறேன். கொக்கியோ திருகுகளோ தளர்ந்ததும் ஹீட்சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகுகிறேன். பேஸ்ட் வழுக்கத் தொடங்குவதைக் கை உணரும். அதன் பிறகுதான் மேலே தூக்குவது.

அப்படியும் பிராசஸர் ஹீட்சிங்கோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால், இடுக்கில் திருப்புளியை நுழைத்து நெம்பவே கூடாது. ஹேர் டிரையரால் ஹீட்சிங்கைச் சூடாக்கி, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை இடையில் விட்டு, மெல்ல அறுப்பதுபோல் இழுத்தால் பிரிந்துவிடும். ஏஎம்டியின் போட்டி நிறுவனமான இன்டெல்லின் சாக்கெட்டுகளில் பிராசஸரை ஒரு உலோகச் சட்டம் மேலிருந்து அழுத்திப் பிடித்திருப்பதால் இந்தத் தொல்லை கிடையாது. 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டில் ஏஎம்டியும் அந்த வழிக்கு வந்துவிட்டது.

இனி துடைப்பு. திரவத்தைச் சிப்பின் மேல் ஊற்றக் கூடாது. துணியில்தான் நனைக்க வேண்டும், அதுவும் சொட்டாத அளவுக்கு. முதலில் நனைக்காத துணியால் மேலாக இருக்கும் பொருக்கை எடுத்துவிடுகிறேன். ஈரம் பட்டபின் அதே பொருக்கு குழம்பாகி நாலாபுறமும் பரவும் என்பதால் இந்த வரிசை முக்கியம். பிறகு ஈரத்துணியை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இழுக்கிறேன். நடுவிலிருந்து வெளியே தள்ளினால் அழுக்கு விளிம்பைத் தாண்டிப் போர்டில் இறங்கிவிடும். துணியின் ஒரு பக்கம் கறுத்ததும் மறுபக்கம், அதுவும் கறுத்ததும் புதுத்துண்டு. இதில் கஞ்சத்தனம் கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சிலிகோன் எண்ணெயை முழுதாகக் கரைத்துவிடுவதில்லை, இளக்கி மட்டுமே விடுகிறது. எண்ணெயை உண்மையில் வெளியே எடுத்துப் போவது துணி. அழுக்குத் துணியையே மறுபடி மறுபடி தேய்த்தால் எண்ணெய் இடம்மாறுமே தவிரப் போகாது.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க நான் நம்புவது செல்பேசியின் டார்ச் ஒளி. மூடிக்குப் பக்கவாட்டில், ஏறக்குறையப் படுக்கை நிலையில் ஒளியைப் பாய்ச்சினால், மேலிருந்து பார்க்கும்போது பளிச்சென்றிருந்த இடத்தில் வானவில் நிறம் மினுங்கும் மெல்லிய திட்டுகள் தெரியும். எண்ணெய் மிச்சம் அதுதான். புதுத் துணியால் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தால் போய்விடும். மூடியில் பொறித்திருக்கும் மாடல் எண்ணின் எழுத்துப் பள்ளங்களில் மட்டும் சாம்பல் நிறம் தங்கியிருக்கும். அதை ஊசியால் கிளறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையே இல்லை. அடுத்துப் பூசப்போகும் பேஸ்ட்டும் அந்தப் பள்ளத்தைத்தான் நிரப்பப் போகிறது.

எந்தத் திரவம் எப்படி என்பதற்கு வருகிறேன். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் செல்பேசி பழுதுபார்ப்பவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் பொருள். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைவீதிகளில் ஐபிஏ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். படிவு விடாமல் சீக்கிரம் ஆவியாகிறது, சிப், போர்டு, சாக்கெட்டின் பிளாஸ்டிக் எதையும் கெடுப்பதில்லை. 70 சதவீதமும் துடைக்கத்தான் செய்கிறது. ஆனால் மீதி 30 சதவீதம் தண்ணீர். உலோக மூடியின் மேல் அது பெரிய குற்றமில்லை. சிறு பாகங்களின் அடியில் புகுந்தால் காய நேரமெடுக்கும். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேறு கதை. பிரிட்டிஷ் மருந்துச் செய்முறைப்படியான ஸ்பிரிட்டில் தோல் வறளாமலிருக்க விளக்கெண்ணெய் சேர்ப்பார்கள். எண்ணெயை எடுக்கப் போய் எண்ணெயைப் பூசுவது என்ன நியாயம்? லேபிளைப் படிக்காமல் வாங்கக் கூடாது. கைக்கழுவும் சானிட்டைசரில் கிளிசரின் இருக்கிறது, அதுவும் வேண்டாம். நகப்பூச்சு நீக்கியிலுள்ள அசிட்டோன் சிலவகை பிளாஸ்டிக்குகளைக் கரைத்துவிடும். சாக்கெட்டுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோக நான் சம்மதிக்க மாட்டேன்.

இந்த வேலைக்கென்றே வரும் பொருள்களில் ஆர்க்டிக் சில்வரின் ஆர்க்டிகிளீன் இரட்டைப் புட்டிகள் எனக்கு மனநிறைவு தந்தவை. முதல் புட்டியிலுள்ள நாரத்தை இனப் பழ எண்ணெய் சார்ந்த திரவம் காய்ந்து இறுகிய பேஸ்ட்டை ஆல்கஹாலைவிட நன்றாக இளக்குகிறது. இரண்டாவது புட்டி, முதலாவது விட்டுச்செல்லும் படலத்தை எடுக்கிறது. இரண்டாவதைச் செய்யாமல் நிறுத்தினால் பயனில்லை. பல ஆண்டு கழற்றாத பழைய டெஸ்க்டாப்களுக்கு இது நல்ல தோழன். வழக்கமான வேலைக்கு அவசியமில்லை. நோக்டுவா நிறுவனத்தின் என்டி-எச்2 பேஸ்ட்டுடன் வரும் ஈரத்தாள்களும் சுத்தமாக வேலை செய்கின்றன, ஒரு தாள் ஒரு பிராசஸருக்குத் தாராளம். துணிக்குப் பதிலாகக் காபி வடிகட்டும் தாள் அருமையாகப் பயன்படுகிறது. நூல் உதிர்வதில்லை, கீறல் போடுவதில்லை. கழிப்பறைத் தாளும் சாதாரணப் பஞ்சும் இழைகளை விட்டுச்செல்லும்.

மடிக்கணினியிலும் கிராபிக்ஸ் கார்டிலும் இன்னும் கூடுதல் கவனம் தேவை. அங்கே பெரும்பாலும் உலோக மூடி கிடையாது. கண்ணாடிபோல் பளபளக்கும் சிலிக்கான் சில்லே நேராகத் தெரியும். அதன் மூலைகள் மிக எளிதில் உடையும். பேட்டரி இணைப்பை முதலில் கழற்றிவிட்டு, ஹீட்சிங்கில் அச்சிட்டிருக்கும் எண் வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றித் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறேன். அப்போது ஒரு மூலை மட்டும் அழுத்தத்தைச் சுமக்க நேராது. சில்லின் மேல் உலோகம் எதுவும் படக் கூடாது. தேவைப்பட்டால் பிளாஸ்டிக் அட்டையின் ஓரம் போதும். சில்லைச் சுற்றியுள்ள சின்னஞ்சிறு கெப்பாசிட்டர்களுக்கிடையே பேஸ்ட் அப்பியிருந்தால் காட்டன் பட்ஸை நனைத்துத் தொட்டுத் தொட்டு எடுக்கலாம். வராததை விட்டுவிடுங்கள். சாதாரண பேஸ்ட் மின்சாரத்தைக் கடத்தாது, அங்கே கிடப்பதால் ஒரு தீங்குமில்லை. அதைச் சுரண்டப்போய் ஒரு கெப்பாசிட்டர் பெயர்ந்தால் போர்டே போய்விடும். நினைவகச் சிப்புகளின் மேலுள்ள தெர்மல் பேடுகளை, அதாவது பேஸ்ட்டுக்குப் பதிலாக ஒட்டியிருக்கும் மென்மையான பட்டைகளை, ஆல்கஹாலில் நனைக்காதீர்கள். கிழிந்தால் அதே தடிமனில் புதிது வாங்கிப் போடுவதே சரி.

பேஸ்ட் சாக்கெட்டுக்குள் விழுந்துவிட்டால், பின்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பிராசஸரில் பின்கள் இருந்தால் மென்மையான பல் துலக்கியை ஐபிஏவில் நனைத்து, வரிசையின் போக்கிலேயே நீவலாம். சாக்கெட்டிலேயே பின்கள் நிற்கும் இன்டெல், ஏஎம்5 போர்டுகளில் துணியும் பட்ஸும் உள்ளே போகவே கூடாது, இழை மாட்டி பின் வளைந்துவிடும். சில சொட்டு ஐபிஏ விட்டு, கையால் அழுத்தும் ரப்பர் புளோயரால் ஊதி, முழுதாகக் காய விடுவதே பாதுகாப்பான வழி.

திறந்ததும் சாம்பல் நிறப் பேஸ்ட்டுக்குப் பதிலாகப் பாதரசம்போல் உருளும் பளபளப்பான திரவம் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது திரவ உலோகம், காலியம் (gallium) என்ற உலோகம் கலந்த கலவை. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இலும் சில விளையாட்டு மடிக்கணினிகளிலும் நிறுவனமே அதைப் பூசித் தருகிறது. மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரித்துவிடும். ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, மிச்சத்தை பட்ஸால் ஒற்றி, கடைசியில்தான் ஆல்கஹால். செம்பில் சாம்பல் நிறக் கறை நிற்கும், அது கெடுதல் செய்வதில்லை. முதல் முறை கணினி திறப்பவர் இந்த வேலையைத் தொடாமலிருப்பது நல்லது.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலின் தீப்பற்று வெப்பநிலை சுமார் 12 டிகிரி செல்சியஸ். நம் ஊர் அறைச்சூட்டில் அதன் ஆவி எப்போதும் தீப்பிடிக்கத் தயாராகவே இருக்கிறது என்று பொருள். ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். பூஜை விளக்கோ, சூடான சால்டரிங் அயர்னோ பக்கத்தில் இருக்க விடுவதில்லை. சிறு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு புட்டியை உடனே மூடிவிடுகிறேன். திறந்தே கிடந்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து 99 சதவீதம் என்பது குறைந்துகொண்டே போகும்.

இதை ஆண்டுதோறும் செய்ய வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஆர்க்டிக் நிறுவனம் (மேலே சொன்ன ஆர்க்டிக் சில்வர் வேறு) தன் எம்எக்ஸ்-4 பேஸ்ட்டுக்கு எட்டு ஆண்டு என்கிறது. நோக்டுவா என்டி-எச்1-க்கு ஐந்து ஆண்டு வரை என்கிறது. மூடியுள்ள டெஸ்க்டாப் பிராசஸர்களில் இந்தக் கணக்கு என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. வெற்றுச் சில்லுள்ள மடிக்கணினிகளில்தான் பேஸ்ட் சீக்கிரம் விளிம்புக்கு ஒதுங்குகிறது. தூசியைத் துடைத்த பிறகும், அதே வேலைக்கு முன்பைவிடப் பத்து டிகிரி கூடுதலாகச் சூடேறினால் நான் திறக்கிறேன். ஹீட்சிங்கை எந்தக் காரணத்துக்காகத் தூக்கினாலும், பேஸ்ட் ஈரமாகத் தெரிந்தாலும், முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுகிறேன். ஒருமுறை பிரிந்த பேஸ்ட்டை அப்படியே மறுபடி அமுக்கினால் இடையில் காற்றுக்குமிழ்கள் சிக்கிவிடும்.