டிரைடன் வென்றது, டெண்டன் தோற்றது: ஃபிராக்கிங்கை ஊர் நிர்வாகம் தடுக்கும் இரு வழிகள்

நியூயார்க் மாநிலத்தின் டிரைடன், டெக்சாசின் டெண்டன் இரண்டுமே ஃபிராக்கிங்குக்குத் தடை போட்டன. ஷேல் எனும் அடர்ந்த களிப்பாறையை, அழுத்தத்தில் நீரைச் செலுத்திப் பிளந்து எரிவாயு எடுக்கும் முறை அது. முதல் தடை நிலைத்தது. இரண்டாவது ஏழே மாதத்தில் கைவிடப்பட்டது. மக்கள் எதிர்ப்பை வைத்துப் பார்த்தால் டெண்டன்தான் ஜெயித்திருக்க வேண்டும். அங்கே வாக்கெடுப்பில் சுமார் 59 விழுக்காட்டினர் தடையை ஆதரித்தார்கள்.

டிரைடன் எடுத்தது நிலப் பயன்பாட்டு விதி. 2011 ஆகஸ்டில் நகர மன்றம் அதைத் திருத்தி, எண்ணெய், எரிவாயு தொடர்பான எந்தப் பணிக்கும் ஊர் எல்லைக்குள் இடமில்லை என்றது. துளையிடுதல் மட்டுமல்ல, சேமிப்பும் கழிவு அகற்றலும்கூட அதில் அடங்கும். 22,000 ஏக்கருக்கு மேல் குத்தகை வைத்திருந்த நிறுவனம் வழக்குப் போட்டது. மாநிலச் சட்டம் இந்தத் தொழிலை ‘ஒழுங்குபடுத்தும்’ உள்ளூர் விதிகளைச் செல்லாதவை ஆக்குகிறது என்பது அதன் வாதம். மாநில உயர்மட்ட நீதிமன்றம் 2014 ஜூன் 30 அன்று 5-2 என்ற கணக்கில் அதை நிராகரித்தது. கிணற்றை எப்படித் தோண்டுவது என்பது மாநிலத்தின் வேலை. அது எந்த இடத்தில் இருக்கலாம் என்பது ஊரின் வேலை. வழக்கின் உயிர்நாடி இந்தப் பிரிப்புதான்.

அந்த விதியிலும் ஓர் ஓட்டை இருந்தது. மாநில, மத்திய அரசுகள் தந்த அனுமதிகளும் ஊருக்குள் செல்லாது என்று ஒரு வாசகத்தைச் சேர்த்திருந்தார்கள். கீழ் நீதிமன்றம் 2012-லேயே அதை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, மீதியைக் காப்பாற்றியது. ஆர்வக்கோளாறில் ஒரு வரி கூடுதலாக எழுதினால் எதிர்த்தரப்புக்குப் பிடி கிடைக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

டெண்டனின் நிலைமை வேறு. பார்னெட் ஷேல் என்ற எரிவாயுப் பாறைப் படிவத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் அது. எல்லைக்குள் ஏற்கெனவே 270-க்கும் மேற்பட்ட கிணறுகள். 2013-இல் வீடுகளிலிருந்து 1,200 அடி இடைவெளி வேண்டும் என்று விதி போட்டார்கள். ஆனால் பழைய அனுமதி வைத்திருந்தவர்கள், அனுமதி வாங்கிய காலத்து விதியே எங்களுக்குப் பொருந்தும் என்றார்கள்; டெக்சாஸ் சட்டமும் அவர்கள் பக்கம். அந்தக் கோபம்தான் 2014 நவம்பர் 4 வாக்கெடுப்பில் முடிந்தது.

இங்கே தடுத்தது இடத்தை அல்ல, முறையை. கிணறு இருக்கலாம், ஃபிராக்கிங் மட்டும் கூடாது. கேட்க மிதமாகத் தெரிந்தாலும் சட்டப்படி இதுவே பலவீனம். பார்னெட் பாறையில் ஃபிராக்கிங் இல்லாமல் லாபகரமாக எரிவாயு வராது. ஆகவே இது கனிம உரிமையையே பறிப்பது என்று வாதிட வழி திறந்தது. டெக்சாசில் நிலத்தடிக் கனிமத்துக்குச் சொந்தக்காரர், அதை எடுக்கத் தேவையான அளவு மேல்நிலத்தையும் பயன்படுத்தலாம். மறுநாளே வழக்குகள் வந்தன. ஆனால் தடையை வீழ்த்தியது நீதிமன்றம் அல்ல, சட்டமன்றம். 2015 மே மாதம் ஆளுநர் அபட் கையெழுத்திட்ட எச்பி 40 என்ற மாநிலச் சட்டம், தரைக்கு மேல் நடக்கும் பணியில் போக்குவரத்து, ஒலி, வெளிச்சம், தீயணைப்பு, நியாயமான இடைவெளி போன்றவற்றை மட்டும் ஊர்களுக்கு விட்டுவைத்தது. அதுவும் வணிக ரீதியில் நியாயமானதாக இருக்க வேண்டும். ஜூனில் டெண்டன் தடையை நீக்கியது.

எந்த வழி மேல் என்றால், டிரைடனுடையதுதான். ஆனால் அதை அப்படியே நகலெடுத்தால் டெக்சாசில் எடுபட்டிருக்காது. டிரைடனில் மூட வேண்டிய ஃபிராக்கிங் கிணறு ஒன்றுகூட இல்லை. அதோடு 2014 டிசம்பரில் நியூயார்க் மாநில அரசே தடையை அறிவித்துவிட்டது. கொலராடோவின் லாங்மாண்ட் 2012-இல் வாக்காளர் ஆதரவோடு தடை போட்டு, 2016-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. 2019-இல் மாநிலச் சட்டம் மாறிய பிறகுதான் கிணறு எங்கே அமையலாம் என்பதில் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் வந்தது.

இங்கிலாந்தின் லங்காஷயரில் தடைச் சட்டமே தேவைப்படவில்லை; 2015-இல் மாவட்ட மன்றம் இரண்டு ஃபிராக்கிங் தளங்களுக்கான விண்ணப்பங்களை நிராகரித்தது. பிரெஸ்டன் நியூ ரோடு தளத்துக்குச் சொன்ன காரணங்கள் ஒலியும் காட்சிக்கேடும். அடுத்த ஆண்டே அமைச்சர் அதை மாற்றி அனுமதித்தார். ரோஸ்ஏக்கர் வுட் தளத்துக்குச் சொன்னது குறுகிய கிராமச் சாலைகளில் லாரிப் போக்குவரத்து. அது மறுவிசாரணை வரை போய், 2019 பிப்ரவரியில் அரசாலேயே நிராகரிக்கப்பட்டது.